ஆயில் குச்சியில் ஒரு கோடு

செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் எங்கள் ஊர்க்காரர்கள் என் புருஷனை விடவில்லை. லோரன் டெர்ப்ஸ்ட்ரா நல்ல மனுஷன், நல்ல டிரைவர், பாவம், அன்றைக்கு ஆயில் பார்க்க மறந்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். திட்டினால்கூடத் திருப்பித் திட்டலாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலை இறக்கி, "பாவம்" என்று சொல்பவர்களை என்ன செய்வது? 

நடந்தது இதுதான். போன வருஷம் ஜூலையில், எங்கள் கவுண்டி மண் டிராக்கில், அந்த சீசனின் முதல் நீளமான ரேஸ். மூன்றாவது வளைவில் லோரனின் இன்ஜின் அப்படியே இறுகி நின்றுவிட்டது. கார் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவன் நேராக அவர் கதவில் மோதினான். அந்தப் பையன்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. சவ அடக்கத்துக்கு அடுத்த நாள் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவன் அழுதபோது நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். அப்புறம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்கள். எட்டு பாட்டில் எண்ணெய் இருக்க வேண்டிய ஆயில் சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியில், ஆறு பாட்டில்தான் இருந்தது. சம்ப்பில் விரிசல் இல்லை, எங்கும் ஒழுகவில்லை, புகையவில்லை. பேரிங் மட்டும் கருகிக் கிடந்தது. ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

எங்கள் டிராக்கில் ஒரு வழக்கம் உண்டு. டயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பெட்ரோலை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். எண்ணெய் அளவு பார்க்கிற ஆயில் குச்சியை மட்டும் காரை ஓட்டப்போகிறவர்தான் இழுத்துப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குச்சியை இழுத்து, துடைத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே ஏறுவார்கள். அடுத்தவன் குச்சியைத் தொட்டால் சண்டைக்கே வருவார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் இது. குடித்துவிட்டு வந்தவனைக்கூட எங்கள் ஊரில் மன்னித்துவிடுவார்கள். குச்சியைப் பார்க்காமல் ஏறியவனுக்கு அங்கே மரியாதை கிடையாது.

லோரன் பார்த்தார். என் கண்ணால் பார்த்தேன். அவருடைய கையுறைகளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தேன். குச்சியை இழுத்தார், ஜீன்ஸில் துடைத்தார், விட்டு எடுத்தார், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கேட்டவர்கள் எல்லோரும் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்களில் டுவைட் பொன்னேமா மட்டும் தட்டிக்கொடுக்கவில்லை, எதிர்த்துக் கேட்டான். ரேஸுக்கு முன்னால் கார்களைச் சோதிப்பவனும் அவன்தான், மைக் பிடித்துப் பேசுகிறவனும் அவன்தான். "மார்லிஸ், நீ சொல்றது நெசம்னா ரெண்டு பாட்டில் எண்ணெய் எங்க போச்சு? ஆவியாவா போச்சு?" என்றான்.  நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தால் ஐம்பது பிள்ளைகளும் வாயை மூடும். டுவைட்டின் வாயை மூட என்னால் முடியவில்லை. கடைசியில் ஒரு பேச்சு ஆனது. செப்டம்பரில் லேபர் டே விடுமுறை அன்றைக்கு லோரன் நினைவாக ஒரு ரேஸ். அதற்குள் அந்த இரண்டு பாட்டில் எங்கே போனது என்று நான் காட்டிவிட்டால், கேலரி முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்றான். தலைகீழாக நின்றாவது காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ரேஸில் ஓட்டப்போவது எங்கள் மகள் பிரென்னா. இருபத்திரண்டு வயது. கால்நடை டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறாள். சின்ன கார்களில் இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தவள், அப்பா காரையே நிமிர்த்தி எடுத்து ஓட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளை அந்தக் காரில் ஏற்ற எனக்கு மனசே இல்லை. ஆனால் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் ஊரோடு சண்டை போட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உடம்பு நெளிந்த காரை அவளும், லோரனின் முப்பது வருஷத்துக் கூட்டாளி வெர்ன் ஹூக்ஸ்ட்ராவும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து நேராக்கினார்கள்.

இன்ஜின் வேறு வாங்கினோம். சம்ப் மட்டும் பழைய கம்பெனியிலேயே, பழைய அளவிலேயே வாங்கினோம். இன்ஜினோடு வரும் சம்ப் இந்த வேலைக்கு ஆகாது. எப்போதும் இடது பக்கமே திரும்புகிற ஓட்டத்தில் எண்ணெய் எல்லாம் வலது பக்கம் போய் ஏறிக்கொள்ளும், பம்ப் காற்றை உறிஞ்சும். அதனால் அகலமும் ஆழமுமான சம்ப்பைத் தனியாக வாங்கி மாட்டுவார்கள். அதோடு குச்சி வராது. பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும், அவ்வளவுதான். குழாயை நாமே பொருத்தி, குச்சியை நாமே வெட்டி, எண்ணெயை அளந்து ஊற்றி, நிறைந்த இடத்தில் நாமே கோடு போட வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. கராஜில் பிரென்னா இன்ஜினை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பி வைத்து சம்ப்பின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தாள். வெர்ன் கூட்டுறவுக் கிட்டங்கியில் இரவல் வாங்கிய தூக்கு இயந்திரத்தை வெளியில் டிரக்கிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். நான் பன்றி இறைச்சி வறுவல் வைத்த பன் மூன்று கொண்டு போனேன். பிரென்னா கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தாள். லோரனின் காரில் இருந்த பழைய ஆயில் குச்சி. விபத்தன்று வெர்ன் உருவி வைத்திருந்ததை அவள் கேட்டு வாங்கியிருக்கிறாள். இது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"புதுசு வேணாம்மா. அதே சம்ப்தானே, இந்தக் குச்சியையே போட்ருவோம்," என்றாள். "இந்தக் கோடு நான் போட்டது. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. போன வருஷம் ஏப்ரலில், அவர் காருக்கு அந்த சம்ப்பை மாட்டியபோது, நான் மினசோட்டாவில் என் அக்காவின் ஆபரேஷனுக்குத் துணையாக இருந்தேன்.

"அப்பா வயல்ல வெதப்புல இருந்தார். ஃபோன்ல சொன்னார், எட்டு பாட்டில் எண்ணி ஊத்து, குச்சிய விட்டு எடு, எதுவரைக்கும் நனைஞ்சிருக்கோ அங்க அரத்தால ஒரு கோடு இழுன்னு. வெர்ன் அங்கிள் இன்ஜின கார்ல எறக்கி வைக்க வர்றேன்னு சொல்லிட்டு அன்னைக்கு வரல. நான் எதுக்குக் காத்திருக்கணும்? இதோ, இன்ஜின நிமித்தி, இதே ஸ்டாண்ட்ல வச்சே கோடு போட்டு, எண்ணெயத் திரும்ப வடிச்சும் வச்சிட்டேன். அப்பா வந்து குச்சியப் பார்த்துட்டு, 'நேரா இருக்குடி, எனக்கே இப்படி வராது'ன்னார். அவர் என்னை நம்பிக் குடுத்த மொத வேலைம்மா அது."

அந்தச் சின்னக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.  ஒரு அம்மாவுக்குக் கேட்க இனிப்பாக இருக்கிற விஷயம், அதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் டாக்டரிடமிருந்து அவளுக்கு ஃபோன். யாருடைய பண்ணையிலோ மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறதாம். பன்னைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினாள். போகும்போது கதவில் நின்று, அந்தக் குச்சியைத்தான் போட வேண்டும், வேறு எதைப் போட்டாலும் தான் ஓட்டப்போவதில்லை என்று ஒரு மிரட்டலும் விட்டுவிட்டுப் போனாள்.

வெர்ன் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் வேலையைத் தொடர்ந்தோம். இன்ஜினை நிமிர்த்தினோம். ஓட்டையில் குழாயை இறுக்கினோம். குச்சியை விட்டோம். நான் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கைக் கையாலேயே இரண்டு சுற்று மெதுவாகச் சுற்ற, வெர்ன் குச்சியின் தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். குச்சி கொஞ்சம் நீளமாக இருந்தாலும் சுற்றுகிற கிராங்க் அதன் நுனியை மென்று துப்பிவிடும், இரும்புத்துகள் எண்ணெயில் கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும். எதுவும் இடிக்கவில்லை. "பட்டு மாதிரி போகுது," என்றான்.

இன்ஜினைத் தூக்கிக் காரில் இறக்கி மாட்டுவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. ஃபில்டரில் தனியாக எண்ணெய் நிரப்பித் திருகினோம். பிறகு நான் புனலை வைத்து ஒவ்வொரு பாட்டிலாக ஊற்ற ஆரம்பித்தேன். கோடு ஏற்கெனவே இருக்கிறது, எட்டு ஊற்றினால் சரியாக அதில் வந்து நிற்கும், சும்மா ஒரு சரிபார்ப்பு என்றான் வெர்ன். ஆறு ஊற்றி முடித்திருந்தபோது எதற்கோ குச்சியை இழுத்துப் பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி விட்டு இழுத்தான். அப்புறம் கீழே கிடந்த காலி பாட்டில்களைப் பார்த்தான்.

எண்ணெய் கோட்டில் வந்து நின்றிருந்தது. இன்னும் இரண்டு பாட்டில் மூடி திறக்காமல் பெஞ்சின்மேல் இருந்தன.

"இதுல ஆறுதான் மார்லிஸ் இருக்கு. குச்சி நெறைஞ்சிருச்சுங்குது."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்புறம் நான் புனலைப் போட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன். லோரன் பார்த்தார்! துடைத்துப் பார்த்தார், கோடுவரை எண்ணெய் இருந்தது, நம்பி ஏறினார். இரண்டு பாட்டில் எங்கேயும் போகவில்லை. அது உள்ளே இருந்ததே இல்லை. டுவைட் பொன்னேமா, வா, மைக்கை எடுத்துக்கொண்டு வா. உன்னைக் கேலரிக்கு முன்னால் நிற்க வைத்து என் புருஷன் பெயரைச் சொல்ல வைக்கிறேன். வெர்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

வெர்ன் சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்த வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டான். போன வருஷம் ஏப்ரலில், இன்ஜினை இறக்கிய பிறகு காரில் முதன்முதலாக எண்ணெய் ஊற்றியது அவன்தான். பெரிய கேனிலிருந்து, எண்ணாமல், கோட்டைப் பார்த்துக்கொண்டே ஊற்றியிருக்கிறான். கோடு லோரன் போட்டது என்றுதான் நினைத்தானாம்.

"ஆனா லோரன் எப்படி இப்படிப் போட்டான்?" என்றான். "இது ஸ்டாண்ட்ல வச்சுப் போட்ட கோடு. ஸ்டாண்ட்ல இன்ஜின் சமமா நிக்கும். கார்ல பின்பக்கம் தாழ்ந்து உக்காரும், எண்ணெய் மொத்தமும் பின்னால கூடும், குச்சி எறங்குற எடமும் பின்னாலதான். சாய்ச்சு வச்ச கிண்ணத்துல கொழம்பு ஒரு பக்கம் ஏறி நிக்குற மாதிரி. கொஞ்சம் இருந்தாலே நெறைய இருக்குன்னு காட்டும். கார்ல எறக்குனப்புறம்தான் கோடு போடணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் லோரனுக்கு இது தெரியும். இத அவன் போட்டிருக்க மாட்டான். யார் போட்டது?"

காலையில் பிரென்னா சொன்னது காதில் திரும்பக் கேட்டது. இதே ஸ்டாண்ட்ல வச்சே கோடு போட்டேன். வெர்ன் அங்கிள் அன்னைக்கு வரல. நேரா இருக்குடி.

 கார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லோரன் விதைப்பிலிருந்து ஃபோன் செய்தபோது, வெர்ன் காலையிலேயே வந்து இன்ஜினைக் காரில் இறக்கியிருப்பான் என்று நினைத்திருக்கிறார். வெர்ன் வரவில்லை. அவள் ஆசை ஆசையாக ஸ்டாண்டிலேயே போட்டுவிட்டாள். வெர்ன் மறுநாள் வந்து இறக்கினான், லோரன் வீடு திரும்பியபோது இன்ஜின் காரில் இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை.

 வெர்ன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "அய்யோ, பிரென்னாவா?" என்றான்.

   பழியை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றான் வெர்ன். கோடு போட்டது நான்தான், ஊற்றியதும் நான்தான் என்று டுவைட்டிடம் சொல்லிவிடுகிறேன், லோரன் பெயரும் தப்பிக்கும், பிள்ளையும் தப்பிக்கும் என்றான். நல்லவன். ஆனால் யோசிக்கவில்லை.

"கோடு யாருதுன்னு அவளுக்குத் தெரியும், வெர்ன்," என்றேன். "கோடு தப்புன்னு நீ மைக்ல சொன்ன அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிஞ்சிரும். கோடு சரியா இருந்தாத்தான் அவ பொழைப்பா. கோடு சரின்னா, லோரன் குச்சியப் பார்க்கலன்னு ஆயிரும். ரெண்டுல ஒண்ணுதான்."

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வெர்ன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் குச்சியை எடுத்துப் பெஞ்சில் இருந்த, இறுக்கிப் பிடிக்கிற வைஸில் வைத்தேன். இதே குச்சியைப் போட்டு எட்டு பாட்டில் ஊற்றினால், எண்ணெய் அவள் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். முதல் தடவை இழுக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கிராங்க் இடித்து உடைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். சுத்தியலைத் தேடினேன். வெர்ன் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். "குடு. கிராங்க் கடிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத்தான் தெரியும்," என்றான். நுனியை நசுக்கி, முறுக்கி, கோடு இருந்த இடத்தோடு சேர்த்துக் கிழித்தான்.  அப்புறம் புதுக் குச்சியை அளந்து வெட்டினோம். மிச்சம் இரண்டு பாட்டிலையும் ஊற்றி, காரில் வைத்தே, முறைப்படி, புதுக் கோடு போட்டோம்.

பிரென்னா சாயங்காலம் வந்தாள். சட்டை முழுக்கக் கன்று போட்ட ஈரம், முகம் முழுக்கச் சிரிப்பு. தாயும் கன்றும் பிழைத்துவிட்டதாம். குச்சியைக் காட்டினோம். சிரிப்பு போய்விட்டது. கிழிந்த நுனியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை.

"சுத்திப் பார்க்கலையா அங்கிள், இடிக்குதான்னு?"

முப்பது வருஷமாக இன்ஜின் கட்டுகிறவன், சுற்றுவட்டாரத்தில் அவன் கை படாத ரேஸ் கார் கிடையாது, சின்னப் பையன்கள்கூட மறக்காத வேலை அது. வெர்ன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேம்மா," என்றான். அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

லேபர் டே வந்தது. கேலரியில் உட்கார இடமில்லை. ரேஸுக்கு முன்னால் எல்லா கார்களும் மெதுவாக ஒரு சுற்று வரும். முதல் வரிசையில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வரும். செத்துப்போனவருக்கான இடம் அது. அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் டுவைட் மைக்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எங்கள் இடத்துக்கு வந்தான். அவனோடு இன்னும் நான்கைந்து பேர் வந்தார்கள். சண்டை பிடிக்க வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், தோற்றுப்போனால் நல்லது என்று நினைத்து வந்தவன் மாதிரிதான் இருந்தது.

"பேச்சு பேச்சுதான் மார்லிஸ்," என்றான். "ரெண்டு பாட்டில் எங்க போச்சுன்னு சொல்லு. இப்பவே சொல்லிடறேன்."

தெரியவில்லை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்வதாகத்தான் நான் தயார் செய்து வைத்திருந்தேன். அதோடு போய்விடும் என்று நினைத்தேன். என் மகளை நான் மறந்துவிட்டேன். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

"நான் சொல்றேன் டுவைட்," என்றாள். "எங்கம்மா பொய் சொல்றவங்க இல்ல. அப்பா குச்சிய இழுத்தத அவங்க கண்ணால பார்த்திருக்காங்க. அப்பா பார்த்துட்டுத்தான் ஏறினார்னா, எண்ணெய் கோடு வரைக்கும் இருந்திருக்கணும். ஆனா உள்ள ஆறுதான் இருந்திருக்கு. அப்போ அந்தக் கோடு—"

நின்றுவிட்டாள். கை காற்றில் அப்படியே நின்றது. கண் என்னைத் தாண்டி எங்கேயோ போயிற்று. அவளைப் பெற்றவள் நான். அவள் கணக்குப் போடும்போது முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு எவனாவது அவளிடம், ஸ்டாண்டில் வைத்துக் கோடு போடக்கூடாது என்று சொல்லத்தான் போகிறான். அன்றைக்கும் அவள் தன்மேல் பழி போட்டுக்கொள்ளாமல் இருக்க, அவள் அப்பா குச்சியைப் பார்க்காமல்தான் ஏறினார் என்று இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

"அவர் பார்க்கல," என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அவர் அன்னைக்குக் குச்சிய இழுக்கவே இல்ல. வேலி ஓரமா நின்னு யார்கிட்டயோ பேசிட்டு இருந்தார், கூப்பிட்டதும் ஓடி வந்து ஏறிட்டார். நான் பார்த்தேன்னு சொன்னது பொய். நீங்க எல்லாரும் அவரப் பத்திப் பேசினது பொறுக்காமச் சொன்னேன். டுவைட், நீ சொன்னதுதான் சரி."

டுவைட் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, கூட வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு மைக்கில் லோரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னான். எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. அதற்காக அவனுக்கு நான் இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

பிரென்னா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணக்கு அவள் முகத்திலிருந்து போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்திருந்தது. அது வரட்டும் என்றுதான் நானும் நின்றேன், ஆனாலும் தாங்க முடியவில்லை.

"ஒரு வருஷமா உங்க வார்த்தைய நம்பி இந்த ஊரோட சண்டை போட்டேன்," என்றாள். சத்தமே போடவில்லை. "எத்தனை பேர்கிட்ட என் அம்மா பார்த்தாங்கன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? அப்பாவைக் காப்பாத்தப் பொய் சொன்னீங்கன்னா, கடைசி வரைக்கும் சொல்லியிருக்கணும். அவர் பேர்ல ரேஸ் வச்ச அன்னைக்கா, இத்தன பேருக்கு முன்னாலயா அவரக் கேவலப்படுத்தணும்?"

 அவள் போய் குச்சியை இழுத்துப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினாள். ஆறாவதாக வந்தாள். பத்திரமாக வந்தாள். இறங்கி, வெர்னுடைய டிரக்கில் ஏறி ஊருக்குப் போய்விட்டாள். மறு வாரம் கால்நடை டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொண்டு சாமான்களை எடுக்க வந்தபோது, நான் பஸ் ஓட்டப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வந்தாள்.

இப்போது டிராக்கில் யாரும் என்னிடம் லோரனைப் பற்றிப் பேசுவதில்லை. பொய்க்காரி என்று முகத்துக்கு நேராகச் சொல்ல அவர்களுக்குத் தைரியம் இல்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் இருக்கவும் அவர்களால் முடியாது. சொல்லிவிட்டுப் போகட்டும். கல்லறைக்குப் போனால் மட்டும் கஷ்டமாக இருக்கிறது. அந்த மனுஷன் குச்சியை இழுக்காமல் ஒரு நாளும் ஏறியதில்லை. அதை அவர் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, பூவை வைத்துவிட்டு, சீக்கிரமாக வந்துவிடுகிறேன். அவர் இருந்திருந்தால் இதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார் என்று வெர்ன் சொல்கிறான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருந்தாலும் அவரைக் கேட்காமல் செய்தேன் அல்லவா?

வெர்ன்தான் பிரென்னாவின் கார் வேலைக்குப் போகிறான். போய்விட்டு வரும் வழியில் எங்கள் வீட்டில் வண்டியை நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டுப் போவான். நான் கேட்கமாட்டேன், அவனே சொல்வான். போன வாரம் அவள் ஜெயித்தாள் என்றான். என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட விசாரிப்பதில்லை என்றான், மறைக்கத் தெரியாதவன். நன்றாகச் சாப்பிடுகிறாளா என்றேன். சாப்பிடுகிறாள் என்றான். அப்பா செத்த பிறகு ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடப்பாளே, அது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

வெர்ன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"கோவமா இருக்கா மார்லிஸ். ஆனா நல்லாத் தூங்குறா," என்றான்.